சொல்லில்லாப் பாட்டு

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எம் கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. பாட்டிற்கு உயிராவது சொல்லா, இசையா என்பதே பொருள். யாம் சொல்லின் பக்கம் நின்று வாதித்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் ஓராண்டுக் கல்வி தந்த மிடுக்கெல்லாம் அன்று எம் குரலில் ஏறியிருந்தது. "சொல்லில்லாப் பாட்டு விளக்கில்லா வீடு, சுவருண்டு, கூரையுண்டு, உள்ளிருப்பார் முகம் மட்டும் தெரியாது" என்று முழங்கினோம். கரவொலி எழுந்தது. நடுவராய் வீற்றிருந்த ஆசிரியர் வெற்றியை எம் பக்கத்தார்க்கே வழங்கினார்.

அவ்வெற்றியில் பாதியையேனும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென்று இன்று எமக்குத் தோன்றுகிறது. அதன் காரணத்தை உடன் பயிலும் நண்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், இப்பத்திரிகையை அன்புடன் எதிர்நோக்கும் பழைய மாணவர்க்கும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின்மேல் யாம் கொண்ட பற்று நூல்களால் மட்டும் விளைந்ததன்று. எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் பனங்காடுகளுக்கு நடுவேயுள்ள ஒரு சிற்றூரில் நெடுங்காலம் உபதேசியாராய் ஊழியம் செய்தவர். மாலை ஜெபத்திற்குப் பின் வீட்டில் கீர்த்தனை பாடுவது வழக்கம். பாடுங்கால் யாம் ஒரு சொல்லை விழுங்கினாலும் அவர் கை உயர்ந்துவிடும், பாட்டு நின்றுவிடும். "இராகம் தவறினால் செவிக்குக் குறை, சொல் தவறினால் ஜெபத்திற்கே குறை" என்பார். ழகரத்தை ளகரமாக ஒலித்த பிழைக்காக ஒரே அடியைப் பன்னிரண்டு முறை பாடிய இரவொன்று எமக்கு நன்றாய் நினைவிருக்கிறது. பசி ஒரு பக்கம், உறக்கம் ஒரு பக்கம். பதின்மூன்றாம் முறை தேவையில்லை என்று அவர் தலையசைத்தபோது உண்டான பெருமிதம் ஒரு பக்கம். எம்மைத் தமிழ் படிக்கச் செய்தவர் யாவர் என்று எவரேனும் வினவினால், அந்த இரவைத்தான் சுட்டுவோம்.

சொற்போர் முடிந்து இரண்டு திங்கள் கழிந்தபின் அப்பாட்டனார்க்குப் பாரிசவாயு கண்டது. வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. அவற்றினும் கொடிதாகப் பேச்சு நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றோம். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் உதடுகள் அசைந்தன. "த... த..." என்ற ஒலியன்றி வேறொன்றும் வெளிவரவில்லை. தாம் சொல்ல எண்ணியது இதுவன்று என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவே அவர் கண்களில் நீராய்த் திரண்டு நின்றது. பாட்டியார் எம் தோளைத் தொட்டு, "அவர்களுக்கு எல்லாம் விளங்குகிறது, ஐயா, நீ பேசு" என்றார்.

யாம் பேசினோம். விடுதியைப் பற்றியும், தேர்வைப் பற்றியும், சொற்போரில் பெற்ற வெற்றியைப் பற்றியும் ஓயாது பேசினோம். எமது பேச்சு பெருகப் பெருக அவரது மௌனம் இன்னும் பெரிதாகத் தோன்றிற்று. மூன்றாம் நாள் முதல் நன்னூல் உரையைக் கையிலெடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றுவிட்டோம். படிக்க வேண்டியது மிகுதி என்று பாட்டியாரிடம் சொன்னோம். அது பொய். மேடையில் சொல்லின் பெருமையை அரைமணி நேரம் பேசத் தெரிந்த எமக்கு, சொல்லிழந்த ஒருவரோடு ஐந்து நிமிஷம் அமர்ந்திருக்கத் தெரியவில்லை. புறப்படும் நாளன்று அறைக்குள்ளும் போகாது, நிலைப்படியில் நின்றவாறே, "தாத்தா, விடை கொடுங்கள்" என்றோம். விடை கொடுக்க அவரிடம் சொல் இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் எம் நெஞ்சில் தைத்தது.

இஃது இவ்வாறிருக்க, பிப்ரவரித் திங்களில் எம் கலாசாலைப் பாடற்குழுவை நடத்தும் ஆசிரியர், தபசு காலத்துப் பாடல்களைப் பழக்குமுன் எங்களை இசையறையில் அமர்த்தி, ஓர் இசைப்பதிவைக் கேட்பித்தார். "இதனைக் கேட்டுவிட்டு எது தோன்றினாலும் கூறுங்கள்" என்றதன்றி முன்னுரை ஒன்றும் அவர் உரைக்கவில்லை.

தொலைவில் இடி உருளுவதுபோலத் தாழ்ந்ததொரு முரசொலி எழுந்தது. அதன்மேல் வயோலா என்னும் நரம்புக்கருவி சில ஸ்வரங்களைச் சொல்லி, பிறகு நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மீண்டும் சில ஸ்வரங்கள். பின்பு ஒரு பெரிய பாடற்குழு மெல்லெனக் குரலெடுத்தது; எடுத்தது கடைசிவரை ஒரு சொல்லையும் சொல்லவில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம் இவ்வாறே சென்றது. யாம் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தோம். முடிந்ததும் முதலில் வாய் திறந்தவரும் யாமே. "ஐயா, இத்தனை தொண்டைகளைக் கூட்டி வைத்து ஒரு சொல்லும் கொடாமல் விட்டது என்ன சிக்கனம்?" என்றோம். நண்பர்கள் நகைத்தனர். ஆசிரியரும் நகைத்தார். பின்பு, "அது பிறந்த அறையை முதலில் அறிந்துகொள், பிறகு பாட்டைக் குறை கூறலாம்" என்றார். தருக்கத்தில் தோற்க விருப்பமின்றியே யாம் நூல்நிலையம் புகுந்தோம். அங்கே அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

அவ்விசைக்கு 'ராத்கோ சேப்பல்' என்று பெயர். மேனாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று வழங்கும் அறையிசை, பெரிய வாத்தியக் கூட்டத்தை வேண்டாது சில கருவிகளாலேயே நிகழ்வது. அவ்வகையின் எல்லையில் நிற்பது இப்படைப்பு. கருவியாளர் மூவரே: வயோலா ஒருவர், செலெஸ்டா என்னும் சிறு மணியோசைப் பெட்டி ஒருவர், தாளக்கருவிகள் ஒருவர். அவர்களோடு சோப்ரானோ, ஆல்டோ என்னும் இரண்டு தனிக்குரல்களும் ஒரு பாடற்குழுவும் சேர்கின்றன. இயற்றியவர் மார்ட்டன் ஃபெல்ட்மன் என்னும் அமெரிக்கர். 1971-இல் இயற்றப்பட்டு, 1972-இல் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில், எந்த ஆலயத்தின் பெயரைத் தாங்குகிறதோ அந்த ஆலயத்திலேயே முதன்முதல் இசைக்கப்பட்டது.

அவ்வாலயத்தின் வரலாறு வருமாறு. மார்க் ராத்கோ என்னும் ஓவியர் 1903-இல் அன்றைய ரஷ்யப் பேரரசைச் சார்ந்த ட்வின்ஸ்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகர் இன்று லாட்வியா நாட்டில் டௌகவ்பில்ஸ் என வழங்குகிறது. 1913-இல் சிறுவராய் அமெரிக்கா சேர்ந்தார். அவரது முதிர்ந்த சித்திரங்களில் மனிதரில்லை, மரமில்லை, கதையில்லை. பெரிய திரைகளின்மேல் விளிம்பு கலங்கிய வண்ணப் பரப்புகளே உள. ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்னும் தம்பதிகள் 1964-இல், தாம் ஹூஸ்டனில் எழுப்ப எண்ணிய சிற்றாலயத்திற்குச் சித்திரந் தீட்டுமாறு அவரை வேண்டினர். கத்தோலிக்க ஆலயமாகத் தொடங்கிய அவ்வெண்ணம் பின்னர் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்ததொரு தியான மண்டபமாக விரிந்தது.

ராத்கோ நியூயார்க்கில் பழைய வண்டிக்கொட்டகை ஒன்றைத் தம் கூடமாக்கிக்கொண்டார். ஆலயச் சுவர்களின் அளவிலேயே மாதிரிச் சுவர்களை நிறுத்தி, திரைகளைக் கப்பியும் கயிறுமிட்டு ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். மேற்கூரை வழியே பாயும் வெளிச்சத்தை அடக்க ஒரு பாரசூட்டுத் துணியைக் கட்டினார். இத்தகைய உழைப்பின் பயனாய் 1967-இல் பதினான்கு சித்திரங்கள் நிறைவெய்தின. ஆலயம் எண்கோண வடிவினது; சுவர்களில் சாளரமில்லை; ஒளி மேலிருந்தே வருகிறது. மூன்று சுவர்களில் மும்மூன்று திரைகள் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கின்றன. எஞ்சிய ஐந்து சுவர்களில் ஒவ்வொன்று. ஏழு திரைகளில் கருஞ்செம்மை விளிம்பினுள் கரிய நாற்கோணம். மற்றை ஏழும் நாவற்பழத்தின் கருநீலச் செம்மையிற் பிறந்து கருமைக்குள் மறைவன. யாம் அவற்றின் நிழற்படங்களையே கண்டோம். முதற் பார்வைக்கு எல்லாம் கருப்பு. சிறிது நேரம் பார்த்திருப்பின் கருப்பினுள் வேறு நிறம் ஒன்று மெல்லக் கிளம்புவது நிழற்படத்திலும் தெரிகிறது.

இவ்வாலயத்தை முடிந்த நிலையில் ராத்கோ காணவில்லை. 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், அச்சித்திரங்களைத் தீட்டிய அதே கூடத்தில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஓராண்டு கழித்து 1971 பிப்ரவரியில் ஆலயம் திறக்கப்பட்டது. அப்பொழுது மெனில் தம்பதிகள் ஓவியரின் நண்பராகிய ஃபெல்ட்மனிடம், நண்பர்க்கு நினைவாக ஓர் இசை இயற்றித் தருமாறு கேட்டனர். இதனை அறிந்தபின்பே அம்முரசொலி எமக்கு வேறாய்க் கேட்கத் தொடங்கிற்று. யாம் கடிகாரம் பார்த்துக்கொண்டே கேட்டது ஓர் அடக்கத்தின் ஒலி.

இனி, ஒரு சித்திரம் இசையாவது எங்ஙனம் என்னும் வினா எழும். இதற்குப் பழைய விடை ஒன்றுண்டு. முஸோர்க்ஸ்கி என்னும் ரஷ்யர், தம் நண்பராகிய ஹார்ட்மன் என்பவர் 1873-இல் இறந்தபின் அவர் வரைந்தவற்றைக் காட்சியில் வைத்துப் போற்றியபோது, அவற்றைக் கண்ட நினைவால் 1874-இல் பியானோவிற்கு ஓர் இசைத்தொகை இயற்றினார். அங்கே சித்திரத்திலுள்ள பொருளை இசை பேசுகிறது. மாட்டு வண்டி அசைந்து வருவதையும் கோழிக்குஞ்சுகள் துள்ளுவதையும் செவி காண்கிறது. ஒரு சித்திரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்து செல்லும் நடையையும் அவர் இசையாக்கியிருக்கிறார். நம் நாட்டு வடபுலத்தில் இதற்கு மறுதலையாக, இராகங்களைத் தலைவனாகவும் தலைவியாகவும் உருவகித்துத் தீட்டிய இராகமாலைச் சித்திரங்கள் உள. இரண்டிடத்தும் கதை ஒன்று நடுவே நின்று கண்ணையும் செவியையும் இணைத்துவைக்கிறது.

ராத்கோவின் திரைகளிலோ பேசுவதற்குப் பொருளே இல்லை. ஆதலின் ஃபெல்ட்மன் சித்திரம் எதைக் காட்டுகிறது என்று பாராது, எவ்வாறு இருக்கிறது என்று பார்த்தார். அவர் 1926-இல் நியூயார்க்கில் பிறந்தவர். குழந்தைகட்கு மேலங்கி தைக்கும் தொழில் நடத்திய யூதக் குடும்பத்தவர். நடுவயது வரையில் தாமும் அத்தொழிலிலேயே பகற்பொழுதைக் கழித்தவர். இசைப்புலவரினும் ஓவியரோடே அவர் மிகுதியாய்ப் பழகினார். 1950-இலேயே ஸ்வரங்களை வழக்கமான கோடுகளில் எழுதாது கட்டமிட்ட தாளில் எழுதிப் பார்த்தவர். 1951-இல் ஜாக்ஸன் பொல்லாக் என்னும் ஓவியரைப் பற்றிய படத்திற்கு இரண்டு செல்லோக்களால் இசையமைத்தார். 1963-இல் மற்றோர் ஓவியரின் பெயராலேயே 'டி கூனிங்' என்னும் அறையிசையை இயற்றினார். ஓவியன் திரையைத் தன்முன் விரித்துக்கொள்வதுபோலத் தாம் காலத்தை விரித்துக்கொண்டு அதன்மேல் ஒலியைப் பூசுவதாக அவர் கருதினார்.

ராத்கோவின் வண்ணம் திரையின் விளிம்பு வரையில் செல்கிறது. சட்டம் என்பதொன்று அதனைத் தடுக்கவில்லை. அவ்வாறே இசையும் மேடையில் நின்று எட்டத்திலுள்ளார்க்குக் கேட்பதாய் இராது, எண்கோண அறை முழுதும் நிறைந்து, கேட்பவர் உடலை ஒட்டி நிற்க வேண்டும் என்று ஃபெல்ட்மன் விரும்பினார். பேரொலியால் அறையை நிறைத்தல் எளிது. அவரோ மென்மையால் நிறைத்தார். ஒலி குறையக் குறையக் கேட்பவர் மூச்சை அடக்கி முன்னே சாய்கின்றனர். அவ்வளவில் இசை அருகில் வந்துவிடுகிறது.

இவ்விசை இடையீடின்றிச் செல்லினும் நான்கு பகுதிகள் காணலாம். முதலில் வயோலா தனித்து நின்று முறையிடுகிறது. அடுத்து, குழுவின் குரலும் மணியோசையும் நகராது நிற்கின்றன; கரிய திரையின்முன் நிற்கும் நிலை இதுவே. மூன்றாவதாக, சோப்ரானோக் குரலும் வயோலாவும் முரசும் தமக்குள் சிறிது உரையாடுகின்றன. அச்சோப்ரானோப் பண்ணை, 1971 ஏப்பிரலில் இறந்த ஸ்ட்ராவின்ஸ்கி என்னும் இசைப்பேரறிஞர்க்கு நியூயார்க்கில் இறுதி ஆராதனை நடந்த நாளில் ஃபெல்ட்மன் எழுதினார். ஒரு துக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவர்க்கு வழியில் மற்றொரு துக்கமும் வந்து சேர்ந்தது. நான்காவதாக, வைப்ரபோன் என்னும் கருவி ஒருசில ஸ்வரங்களையே தொட்டில் ஆட்டுவதுபோல் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் வயோலா ஓர் எளிய பாட்டைப் பாடுகிறது. அதுகாறும் துண்டு துண்டாய் நின்ற இசை அங்கே முதன்முறையாக ஒரு முழுப் பாட்டாகிறது. யூதர் ஜெபாலயத்துப் பாட்டின் சாயல் கொண்ட அதனை அவர் அப்பொழுது இயற்றவில்லை. சிறுபிராயத்தில் இயற்றி, முப்பதாண்டு வரையில் வைத்திருந்து, நண்பரின் நினைவு ஆலயத்தில் கொண்டுவந்து வைத்தார்.

இவ்வளவும் அறிந்தபின், ஓரிரவு விடுதி உறங்கிய வேளையில் கைப்பேசியில் அதனைத் தனியே கேட்டோம். குழு குரலெடுத்ததும், 'ஏன் சொல் இல்லை' என்ற எம் பழைய வினா மீண்டும் எழுந்தது. இம்முறை வினாவிற்கு எதிர்வினா ஒன்றும் உடன் எழுந்தது. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட நண்பரை நினைத்து எந்தச் சொல்லை இக்குழு பாடியிருக்க வேண்டும்? ஆறுதல் சொல்லின் பொய்யாகலாம். காரணம் சொல்லின் தீர்ப்பாகலாம். சொல்லாதிருந்தும் அகலாதிருத்தல் ஒன்றே அங்கே செய்யத்தக்கதாய் இருந்தது. அக்குரல்கள் அதையே செய்தன. வயோலாவின் சிறுவர் பாட்டு எழுந்தபோது எமக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறைத் திண்ணை நினைவுக்கு வந்தது. பிறகு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

மறுநாள் எம் தமிழாசிரியரைக் கண்டு, சொல்லில்லாப் பாட்டைப் பற்றித் தமிழில் ஏதேனும் உண்டோ என்றோம். அவர் எம்மைச் சிறிது நோக்கிவிட்டு, "அரங்கேற்றுகாதை உரையில் ஆளத்தியைப் படித்தாயன்றோ?" என்றார். எம் முகம் கவிழ்ந்தது. படித்திருந்தோம், தேர்விற்காக நெட்டுருச் செய்து எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். பாட்டின் சொல் தொடங்குமுன் பண்ணை விரித்துக் காட்டுவதாகிய ஆளத்தியைச் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் விளக்குமிடத்து, மகர ஒற்றினால் சுருதியைக் கொண்டு, குறிலும் நெடிலுமாகிய எழுத்துகளால் இசையை வளர்க்கும் முறை கூறப்படுகிறது. சொல் பிறப்பதற்கு முன்னே, வாய் மூடிய 'ம்' என்னும் ஒலியில் பாட்டுப் பிறந்துவிடுகிறது என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்துவைத்தனர். அதனைக் கற்ற நாவைக்கொண்டே யாம் மேடையேறிச் சொல்லில்லாப் பாட்டு விளக்கில்லா வீடு என்றோம்!

ஃபெல்ட்மனைப் பற்றிப் படித்தவற்றுள் மற்றொன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. பிலிப் கஸ்டன் என்னும் ஓவியர் அவர்க்கு உயிர் நண்பர். உருவமில்லாச் சித்திரங்களை விட்டு உருவச் சித்திரங்களுக்குத் திரும்பிக் கஸ்டன் 1970-இல் நடத்திய காட்சியைக் கண்டு ஃபெல்ட்மன் மனம் ஒப்பவில்லை. அவ்வளவில் நட்பு முறிந்தது. 1978-இல் கஸ்டன் தம் நண்பரின் உருவத்தை, முகந்திருப்பிய நிலையில் தீட்டினார். 1980-இல் கஸ்டன் இறந்தார். யூதர் இறந்தோர்க்குக் கூறும் ஜெபத்தைத் தமக்காக ஃபெல்ட்மனே கூறவேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது. ஃபெல்ட்மன் கூறினார். பின்பு 1984-இல் அந்நண்பரின் பெயரால் புல்லாங்குழல், பியானோ, தாளக்கருவிகள் ஆகியவற்றிற்கு ஓர் அறையிசை இயற்றினார்; அது நான்கு மணி நேரத்திற்கும் மேலாக இசைக்கப்படுவது. நண்பர் உயிரோடிருந்த காலத்துப் பேசாது விட்ட ஆண்டுகளை அந்நான்கு மணி நேரத்தால் நிரப்ப முயன்றாரோ என்று எமக்குத் தோன்றிற்று. எத்துணை நீண்ட இசையாயினும் இறந்தவர் செவிக்கு அது எட்டாது. எம் பாட்டனாரோ உயிரோடிருந்தார். ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாட்களே இருந்தன.

பெரிய வெள்ளிக்கு முன்னாள் மாலை ஊர் சேர்ந்தோம். இம்முறை நூல் ஒன்றும் கொண்டு செல்லவில்லை. கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தோம். பேசாதிருப்பது முதலில் மிகக் கடினமாயிருந்தது; கால்மணி நேரத்திற்குள் மும்முறை எழுந்து போக மனம் எண்ணிற்று. பனையோலைகளின் சலசலப்பும் பாட்டியார் அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் ஓசையும் கேட்டன. அவர் இடக்கை எம் கையின்மேல் வந்து கிடந்தது. இருட்டியது. ஆலய மணி ஒலித்தது.

மணி ஓய்ந்ததும் பாட்டனாரிடமிருந்து ஓர் ஒலி எழுந்தது. முதலில் முனகல் என்று எண்ணிப் பதறினோம். முனகலன்று, வாய் மூடிய 'ம்'. அது சிறிது ஏறி, சிறிது தாழ்ந்து, எமக்குப் பழகிய ஓர் இடத்தில் வந்து நின்றது. ழகரத்திற்காகப் பன்னிரண்டு முறை பாடிய அதே கீர்த்தனையின் பல்லவி! சொல் ஒன்றும் இல்லை. பண் சிறிதும் பிசகவில்லை. பேச்சிழந்தார் சிலர்க்குப் பாட்டு இழவாதிருத்தல் உண்டென்று வைத்தியர் பிறகு கூறினார். அப்பொழுது யாம் அதனை அறியோம்.

பழக்கம் வலியது. அவர் அநுபல்லவியின் தொடக்கத்தில் சற்றுத் தயங்கியபோது, யாம் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுத்தோம். உடனே அவர் இடக்கை உயர்ந்தது. எம் இளம்பிராயத்தில் பிழை கண்ட இடத்தில் உயர்ந்த அதே கை. அன்று சொல்லை விட்டதற்காக எம்மை நிறுத்தியவர், இன்று சொல்லைச் சேர்த்ததற்காக நிறுத்தினார். யாம் வாய் மூடினோம். பின்னர் அவரோடு சேர்ந்து 'ம்' என்றே இசைத்தோம். அவர் தயங்கிய இடத்தில் யாமும் தயங்கி நின்றோம். அவர் மீண்டும் தொடங்கியபோது தொடங்கினோம். பாத்திர ஓசை நின்றது. பாட்டியார் நிலைப்படியில், கிறிஸ்துமஸில் யாம் நின்ற அதே இடத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கீர்த்தனை முழுதும் முடியவில்லை. இரண்டாம் சரணத்திற்குள் அவர் களைத்து உறங்கிவிட்டார்.

அற்புதம் ஒன்று நிகழ்ந்ததாக எவரும் கருதற்க. பாட்டனார்க்குப் பேச்சு இன்றளவும் திரும்பவில்லை. விடுமுறைதோறும் சென்று அருகே அமர்கிறோம். சில மாலைகளில் அவர் பாடுகிறார், சில மாலைகளில் பாடுவதில்லை. யாம் தமிழ் ஆனர்ஸை விட்டுவிடவும் இல்லை. சொல்லின்மேற் கொண்ட பற்றும் குறையவில்லை. பெயரைச் சொல்லி அழைக்கவும், பிழையை ஒப்புக்கொள்ளவும், இக்கட்டுரையை எழுதவும் சொல்லே வேண்டியிருக்கிறது. ஆயினும் சொல்லால் நெருங்க இயலாத இடங்கள் மனித வாழ்க்கையில் உண்டென்பதையும், அவ்விடங்களில் மனிதன் தனித்து விடப்படலாகாது என்பதையும் ஹூஸ்டன் நகரத்துப் பதினான்கு கரிய திரைகளும், அவற்றின் நடுவே சொல்லின்றிப் பாடும் ஒரு குழுவும் எமக்கு உணர்த்தின. அவ்வுணர்ச்சி தக்க காலத்தில் வந்தமைக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம்.

சொற்போர் நடுவர்க்கு ஒரு விண்ணப்பம். அன்று எமக்களித்த பரிசு நூலை யாம் வைத்துக்கொள்கிறோம். அதன் முதற்பக்கத்தில் எம் பெயரை எழுதியாயிற்று. எதிர்ப்பக்கம் நின்று, 'இசையே உயிர்' என்று வாதித்துத் தோற்ற நண்பரிடம் மட்டும் யாம் நேரிற் சென்று ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அவர் நல்லவர்; சொல்லாவிடினும் அருகே அமர்ந்தால் புரிந்துகொள்வார்.